நாற்பத்தோராம் எண்

செப்டம்பர் 9, செவ்வாய்

மார்ச்சுக்குப் பிறகு சல்லடைக்குப் பணம் இல்லை. காலையில் டிபன் பாக்ஸைத் திறந்தபடி, சட்னி வைக்க மறந்துவிட்டேன் என்று சொல்வது போன்ற குரலில் மேடம் இதைச் சொன்னார். சென்னி அண்ணா தன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னமே தெரியும்போல.

நாங்கள் மூன்றே பேர். டாக்டர் பத்மாசனி பன்னிரண்டு வருடங்களுக்கு முன் சல்லடையை எழுதியவர். சென்னியப்பன் அதை ஓட வைத்துக்கொண்டிருப்பவர், பொள்ளாச்சிக்காரர். கடைசியாகச் சேர்ந்தவள் நான். மருத்துவமனையில் கட்டியிலிருந்து ஒரு துணுக்கு எடுத்து அதன் மரபணுவை இயந்திரத்தில் படித்தால் ஆயிரக்கணக்கில் மாற்றங்கள் தெரியும். பாதி இயந்திரத்தின் பிசகு. மீதியில் பெரும்பகுதி அந்த மனிதருக்குப் பிறவியிலிருந்தே இருப்பது. இதையெல்லாம் தள்ளிவிட்டு, புற்றை உண்டாக்கிய ஒன்றிரண்டை மட்டும் மிச்சம் வைக்கும் மென்பொருள்தான் சல்லடை. எந்த மாத்திரை கொடுப்பது என்று டாக்டர் முடிவெடுப்பது அந்த மிச்சத்தைப் பார்த்துத்தான். சிறிய மருத்துவமனைகளுக்கு இலவசம் என்பதால் அவர்களுக்கு வேறு வழியும் கிடையாது.

புதிதாக ஒன்றை உருவாக்குகிறேன் என்றால் பணம் தர ஆள் உண்டு. ஏற்கனவே ஓடுவதைப் பார்த்துக்கொள்கிறேன் என்றால் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. பழைய, பலரும் நம்பியிருக்கிற புற்றுநோய் ஆராய்ச்சி மென்பொருள்களைப் பராமரிப்பதற்கென்றே இந்த வருடம் ஒரு நிதிக்குழு மானியம் அறிவித்திருக்கிறது. முதல் சுற்றில் தேறிவிட்டோம். இறுதி விண்ணப்பம் அக்டோபர் நடுவில்.

"பயன்பாடுங்கற பகுதியை நீ எழுது ஹெப்சி. உன் பேர்லயே போகட்டும்" என்றார் மேடம்.

என் படிப்புக்கும் இந்த வேலைக்கும் நடுவில் இரண்டு வருடம் காலியாகக் கிடக்கிறது. நேர்காணலில் அதைப் பற்றிக் கேட்காத ஒரே ஆள் அவர். வேறு யார் இந்தப் பகுதியைக் கொடுத்திருந்தாலும் வேலைச்சுமை என்றுதான் நினைத்திருப்பேன். இன்று பீளமேட்டில் பஸ்ஸிலிருந்து இறங்கும்வரை மனதுக்குள் சிரித்துக்கொண்டே வந்தேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

எங்கள் அறைச் சுவரில் ஒரு டிவி இருக்கிறது. சல்லடை எங்கே ஓடினாலும் அதில் எண் ஒன்று கூடும். ஒவ்வொரு பத்தாயிரம் தாண்டும்போதும் சென்னி அண்ணா மைசூர்பா வாங்கி வருவது வழக்கம். போன வருடம் ஒருமுறைதான் தின்றோம். இந்த ஆறு மாதத்தில் மூன்று முறை தின்றாயிற்று.

எண் ஏன் இப்படி ஏறுகிறது என்று மேடத்திடம் கேட்டேன்.

"பன்னெண்டு வயசுக் கொழந்தை திடீர்னு வளரும். பாத்ததில்லையா?"

சிரித்தேன். விண்ணப்பத்துக்கு இதைவிட நல்ல செய்தி வேண்டாம்.

செப்டம்பர் 17, புதன்

ஏற்றம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்த்தேன். நோயாளிகளின் ரகசியம் கருதி மருத்துவமனைகளின் பெயர் எங்களுக்குத் தெரியாது. எண்கள் மட்டும்தான். எந்த எண் எந்த ஊர் என்பது மேடத்துக்கு மட்டும் தெரியும்.

பல எண்களில் கொஞ்சம் கொஞ்சம் ஏறியிருக்கிறது. ஆனால் நாற்பத்தொன்று மட்டும் பைத்தியம் பிடித்ததுபோல் ஓடுகிறது. அதிகாலையில் ஒரு கொத்து, மதியம் ஒரு கொத்து, சாயங்காலம் ஒரு கொத்து. சென்னையின் மிகப் பெரிய மருத்துவமனைகூட அத்தனை நோயாளிகளைப் பார்க்காது. மனிதர்கள் இப்படி ஒழுங்காக வேலை செய்வதில்லை. யாரோ உட்கார்ந்து எண்ணை ஏற்றுகிறார்கள்.

ஓட்டங்களை எண்ணும் நிரலை எழுதியது சென்னி அண்ணா. சர்வரின் சாவியும் அவரிடம்தான்.

எழுதிவிட்டுப் பார்க்க அசிங்கமாக இருக்கிறது. ஆனாலும் அந்த வரியை அடிக்கப்போவதில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

அவருடைய மேசைக்குப் பக்கமாகப் போனபோது திரையை மாற்றினார். பிறகு போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்க் கால்மணி நேரம் பேசினார். கையை ஆட்டி ஆட்டி, பல்லைக் காட்டி. சல்லடையைப் பற்றிப் பேசும்போது யாரும் அப்படிச் சிரிப்பதில்லை.

"யாருண்ணா போன்ல?"

"மச்சானுங்க. தென்னை மரத்துக்கு மருந்து அடிக்கோணுமாம்" என்றார். நான் நின்றுகொண்டே இருந்தேன்போல. "என்னங்க அம்மணி, போலீஸ் வேலைக்கு ஏதும் எழுதிப் போட்டிருக்கீங்களா?"

செப்டம்பர் 21, ஞாயிறு

ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் போகவில்லை. துணி துவைத்தேன். ஊரிலிருந்து வந்த அழைப்பை எடுக்கவில்லை. ஒரு நாவலை எழுபது பக்கம் படித்தேன். அதில் ஒருவன் மனைவியைச் சந்தேகப்பட்டுக்கொண்டே இருக்கிறான். அவள் நல்லவள் என்று எல்லோருக்கும் முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

செப்டம்பர் 25, வியாழன்

நாற்பத்தொன்று எந்த மருத்துவமனை என்று மேடத்திடம் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏதோ பெரிய இடம். ஞாபகம் இல்லை. ஏன்?"

"ஓட்டம் ரொம்ப அதிகமா இருக்கு மேடம்."

"அதிகமா இருந்தா நல்லதுதானே. இதெல்லாம் நோண்டிண்டு இருந்தா எழுதி முடிக்க மாட்டே."

அவருக்கு வேலை அதிகம். எல்லா எண்ணையும் யார் நினைவில் வைத்திருக்க முடியும். தினமும் ராத்திரி மாமியாருக்கு மருந்து கொடுத்துவிட்டுத்தான் தூங்கவே போகிறார். சென்னி அண்ணாவைப் பற்றி அவரிடம் இப்போதைக்குச் சொல்லக் கூடாது. தாங்க மாட்டார்.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளை விடுமுறை என்பதால் ஆயுத பூஜையை இன்றே முடித்தோம். சர்வருக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் செவ்வந்தி. வாசலில் பூசணிக்காய் உடைத்தது சென்னி அண்ணா. நான் பொரிகடலையைப் பொட்டலம் போட்டேன். இந்த ஊரில் லேத்துப் பட்டறை முதல் பல் டாக்டர் நாற்காலி வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து ஓய்வு கொடுத்துவிடுகிறார்கள். நாளையும் நாளை மறுநாளும் எந்த இயந்திரமும் ஓடாது.

இதைவிட நல்ல சோதனை கிடைக்காது என்று அப்போதுதான் தோன்றியது.

அக்டோபர் 3, வெள்ளி

நினைத்தது சரி. இரண்டு நாளும் டிவியில் எண் கிட்டத்தட்ட அசையவில்லை. நாற்பத்தொன்றைத் தவிர. அது அதிகாலை, மதியம், சாயங்காலம் என்று அதே கொத்துக் கொத்தாக ஓடியிருக்கிறது. பூஜை போட்ட கணினியை யார் ஓட்டுவார்கள். ஆள் இல்லாமல் தானாக ஓடுகிற ஏதோ ஒன்றுதான்.

சென்னி அண்ணா கொழுக்கட்டை கொண்டுவந்திருந்தார். வேண்டாம் என்றேன். "சுகர் ஏதும் இருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டு என் பங்கையும் அவரே தின்றார். மானியத்துக்காக இந்த மனிதர் இவ்வளவு செய்வாரா? மார்ச்சில் எனக்கும்தான் வேலை போகும். நான் செய்வேனா?

அக்டோபர் 7, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். இல்லையென்றால் நாளைக்கு எனக்கு வசதியாக மாற்றிவிடுவேன்.

சென்னி அண்ணா விடுப்பு. பதினொரு மணி வாக்கில் அவர் மேசையிலிருக்கும் லேண்ட்லைன் அடித்தது. சந்தேகங்கள் கேட்க மருத்துவமனைகளுக்குக் கொடுத்திருக்கும் எண் அது. எப்போதும் அவர்தான் எடுப்பார். நான் எடுத்தேன்.

"யக்கா, சல்லடை ஆபீசா? நான் முத்துச்செல்வி பேசுதேன், லேப்லயிருந்து. எங்க நம்பரு நாப்பத்தொண்ணு."

எங்கள் ஊருக்குப் பக்கத்துப் பேச்சு. நான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். திருநெல்வேலிப் பக்கம் ஒரு மிஷன் மருத்துவமனை. நாற்பது படுக்கைதான்.

"அண்ணன் இல்லையா? இன்னைக்கும் நின்னு போவுது யக்கா. காலைலருந்து ஒவ்வொரு சாம்பிளையும் ஆறு தடவ போட்டாச்சு."

"எது நின்னு போகுது?"

"சல்லடைதான். போட்டா ஓடும், பாதியில அப்படியே செத்துப்போவும். புது மெஷின் வந்ததுலருந்து இப்படித்தான். காலைல கம்ப்யூட்டர ஆஃப் பண்ணி ஆன் பண்ணி உடனே போட்டா சில நாளு முடிஞ்சிரும். அதான் எல்லாத்துக்கும் முன்னால வந்து போடுதேன். பெறவு மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போவும்போது. பெறவு எல்லாரும் வீட்டுக்குப் போனப் பெறவு."

"ஆயுத பூஜைக்கும் வந்தீங்களா?"

"எங்களுக்கு ஏது யக்கா ஆயுத பூஜை? பாதர் லீவு குடுத்தாத்தான லீவு."

சர்ச் காம்பவுண்டுக்குள் பிறந்து வளர்ந்தவள் நான். பத்தொன்பது வயது வரை ஆயுத பூஜைக்குப் பொரி தின்றதில்லை. ஆயுத பூஜை இல்லாத மருத்துவமனையும் இருக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

திரும்பத் திரும்பப் போடுவது எத்தனை நாளாக என்று கேட்டேன். சித்திரையிலிருந்து என்றாள். நின்று போனால் எங்களிடம் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"சொன்னேனே. அண்ணன்ட்டயும் சொன்னேன், உங்க மேடத்துட்டயும் சொன்னேன். மேடம்தான், திரும்பத் திரும்ப ஓட்டும்மா, ஒருதடவ இல்லாட்டா ஒருதடவ முடிஞ்சிரும்னாங்க. அவங்க சொன்னது சரிதான், முடியத்தான் செய்யுது. ஆனா ஒரு டீச்சரம்மா இருக்காங்க, நுரையீரல்ல. அவங்களுக்கு மட்டும் ரெண்டு வாரமா முடிய மாட்டேங்கு. ரிசல்ட் வந்தாத்தான் என்ன மாத்திரைன்னு டாக்டர் எழுதுவாராம். வீட்டுக்காரரு தெனமும் வந்து லேப் வாசல்ல நிக்காரு."

அண்ணனிடம் சொல்கிறேன் என்று வைத்தேன். மேடத்தின் அறைக்கதவு திறந்திருந்தது. அவர் நான் எழுதிய பகுதியைத் திருத்திக்கொண்டிருந்தார். யாருடைய போன் என்று கேட்டார். தவறான எண் என்றேன்.

மேடம் வேறு எதையோ நினைத்துச் சொல்லியிருக்கலாம். முத்துச்செல்வி தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம்.

அக்டோபர் 8, புதன்

சென்னி அண்ணாவை கேன்டீனுக்கு அழைத்துப்போய் நேராகக் கேட்டேன். அவர் டீயை ஆற்றிக் குடித்து முடித்தார்.

"ஆமாங்க. புது மெஷின் குடுக்கற ஃபைல் பழசவிடப் பல மடங்கு பெருசு. சல்லடை அதை ஒரே வாயில முழுங்கப் பாக்குது. சின்ன ஆஸ்பத்திரில இருக்கற கம்ப்யூட்டர்ல அத்தன மெமரி இல்லீங்க. மூச்சு முட்டி நின்னுருது. கொஞ்சம் கொஞ்சமா படிக்கற மாதிரி மாத்தி எழுதோணும்."

"பாதில நின்னதும் எண்ணிக்கைல சேருதா?"

"ஆரம்பிச்ச உடனே நம்ம சர்வருக்கு வந்து ஒரு அட்டவணைய எடுத்துட்டுப் போகும். அப்பவே எண்ணிருவேன். அதுதான் சுலபமுங்க. முடியுதா இல்லையான்னு பாக்கோணும்னு அன்னைக்கு யாருக்குத் தோணுச்சு."

அப்படியென்றால் நாங்கள் மைசூர்பா தின்றது சல்லடை தோற்றதற்கு.

"மேடத்துக்குத் தெரியுமா?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. "மே மாசமே சொல்லிட்டனுங்க. அப்ளிகேஷன் போகட்டும், அதுவரைக்கும் கை வைக்காதேன்னாங்க. அந்த வாரம்தானுங்க பெங்களூர்ல ஒரு வேலைக்கு எழுதிப் போட்டேன். நேத்து கடைசி இன்டர்வியூ. நவம்பரோட போறேன்."

"அப்ப மச்சான்? தென்னை மரம்?"

"மச்சானும் உண்டு, தென்னை மரமும் உண்டுங்க. போன் மட்டும் பெங்களூர்" என்றார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. பிறகு நிறுத்திக்கொண்டோம். மூன்று வாரமாக யார் மேல் என்ன நினைத்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை. தெரிந்திருக்கும்.

பாதி மாற்றி எழுதி வைத்திருக்கிறாராம். மனசு கேட்கவில்லையாம்.

அக்டோபர் 9, வியாழன்

மீதியை நாங்கள் இருவரும் எழுதுகிறோம். மேடத்திடம் சொல்லவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

புதிய பதிப்பு நேற்றுப் போனது. இன்று மதியம் முத்துச்செல்வி கூப்பிட்டாள். டீச்சரம்மாவின் சாம்பிள் ஒரே ஓட்டத்தில் முடிந்துவிட்டது. மாத்திரை நாளைக்கு ஆரம்பிக்கிறார்கள்.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"கொஞ்சம் முன்னாடியே தெரிஞ்சிருந்தா நல்லாருந்திருக்கும்னாரு. வேற ஒண்ணும் சொல்லல யக்கா."

டிவியில் எண் நகரவே யோசிக்கிறது. மேடம் இரண்டு முறை வந்து அதன் முன்னால் நின்றுவிட்டுப் போனார்.

அக்டோபர் 15, புதன்

மேடம் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"யார் சொல்லி வெளியிட்டேள்?"

"ஒரு நோயாளி காத்திருந்தாங்க மேடம்."

"எனக்குத் தெரியாதுன்னு நினைக்கிறியா?" அவர் குரலை உயர்த்தவில்லை. "சரி பண்ண ஆள் வேணும். ஆளுக்குப் பணம் வேணும். பணத்துக்கு நம்பர் வேணும். இந்த நம்பர் இல்லேன்னா மார்ச்சுல சல்லடையே கிடையாது. அப்போ உன் ஒரு நோயாளி இல்லை, அறுபது ஆஸ்பத்திரி நிக்கும். அதை யோசிச்சியா?"

யோசித்தேன். அதுதான் கஷ்டம். அவர் சொல்வதில் பொய் எதுவும் இல்லை.

"இப்ப நம்பர் விழுந்துட்டதே மேடம், விண்ணப்பத்துல என்ன எழுத?"

"செப்டம்பர் வரைக்கும்தான் கேட்டிருக்கா. செப்டம்பர் வரைக்கும் குடு. கேக்காததை நாம ஏன் சொல்லணும்?" பிறகு, நான் எழுந்தபோது, வேறு குரலில் சொன்னார். "இதை எழுதறச்சே எனக்கு உன் வயசு ஹெப்சி. மூடறதைப் பாக்க முடியாது என்னால."

அக்டோபர் 17, வெள்ளி

விண்ணப்பம் போய்விட்டது. மருத்துவமனைவாரியாகப் போட்ட வரைபடம் செப்டம்பரோடு நிற்கிறது, உச்சியில். அதன் கீழே என் பெயர். நான் தடுக்கவில்லை.

அக்டோபர் 22, புதன்

தீபாவளிக்கு மேடம் சேலை கொடுத்தார். கத்தரிப்பூ நிறம். இன்னும் பிரிக்கவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

நிதிக்குழுவோடு நேர்காணல், காணொளியில். ஆங்கிலத்தில் பேசியதை இங்கே என் மொழியில் எழுதுகிறேன். மேடமும் நானும் பக்கத்தில் பக்கத்தில். சென்னி அண்ணா கேமராவில் விழாமல் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்.

மேடம் அழகாகப் பேசினார். அவர் பேசினால் சல்லடை ஏதோ உயிருள்ள ஒன்று என்று தோன்றும். எல்லாம் முடிகிற நேரத்தில் குழுவிலிருந்த வயதான நோயியல் மருத்துவர் ஒருவர் வரைபடத்தைத் திரையில் காட்டச் சொன்னார்.

"இங்கே ஓர் இடம் மட்டும் இவ்வளவு ஓட்டியிருக்கிறது. இந்த ஊரில் அத்தனை பேருக்கா புற்று?"

மேடம் வாயைத் திறந்தார். "இதை எழுதிய பெண்ணே சொல்லட்டும்" என்றார் அந்த டாக்டர்.

சொன்னேன். பாதிக்கு மேற்பட்டவை முடியாமல் நின்ற ஓட்டங்கள், அவற்றையும் சேர்த்து எண்ணிவிட்டோம் என்று. புதிய இயந்திரம் வந்த இடமெல்லாம் சல்லடை மூச்சு முட்டி நின்றது, அவர்கள் வேறு வழியில்லாமல் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள் என்று. போன மாதம் சரிசெய்தோம், தினசரி எண் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது, அதுதான் உண்மையான எண் என்று. யாருடைய வீட்டிலோ குக்கர் விசில் கேட்டது.

"சரிசெய்தது யார்?"

"சென்னியப்பன்."

"அவர் இந்தத் திட்டத்தில் தொடர்வாரா?"

"இந்த மாதத்தோடு போகிறார். பணம் இல்லாததால். இதற்குத்தான் கேட்கிறோம்."

அவர் எதையோ குறித்துக்கொண்டார். திரை அணைந்த பிறகு மேடம் எழுந்து தண்ணீர் குடித்தார். என்னைத் திட்டவில்லை. சென்னி அண்ணா என் மேசையில் ஒரு கடலைமிட்டாயை வைத்துவிட்டுப் போனார்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். லேசாக இருக்கிறது.

நவம்பர் 28, வெள்ளி

சென்னி அண்ணாவின் கடைசி நாள். கைகுலுக்குவதா கும்பிடுவதா என்று இருவருக்கும் தெரியவில்லை. "போலீஸ் வேலை கிடைச்சா சொல்லுங்க அம்மணி" என்றார். லேண்ட்லைன் இப்போது என் மேசையில்.

டிசம்பர் 18, வியாழன்

மானியம் கிடைத்துவிட்டது. ஐந்து வருடம் கேட்டோம், ஒரு வருடம் கொடுத்திருக்கிறார்கள். முடிந்த ஓட்டங்களை மட்டும் எண்ண வேண்டும், அதைப் பார்த்து மீதியை முடிவு செய்வார்கள். புதிய ஆள் ஒருவரை எடுக்கலாம். சல்லடை மார்ச்சில் நிற்காது. முத்துச்செல்வியிடம் சொன்னேன். "அப்ப சரி யக்கா" என்று மட்டும் சொன்னாள். நிற்கப்போகிறது என்பதே அவளுக்குத் தெரியாது.

சாயங்காலம் மேடம் கூப்பிட்டார். வாழ்த்து என்று நினைத்துப் போனேன். அவர் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்குக் கமிட்டிகிட்ட எல்லாத்தையும் சொன்னே. திரும்பத் திரும்ப ஓட்டச் சொன்னது யாருங்கறதை மட்டும் சொல்லலை."

அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியும் என்பது. எப்போதிருந்து என்று தெரியவில்லை.

"ஏன் சொல்லலை?"

நன்றி என்று சொல்லியிருக்கலாம். பயம் என்று சொல்லியிருக்கலாம். நேர்காணலில் அவர் கேட்காமல் விட்ட அந்த இரண்டு வருடத்தைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். என் வாயில் வந்தது வேறு.

"அவங்க கேக்கலை மேடம்."

அவர் துடைப்பதை நிறுத்தினார். சிரிக்கவில்லை. "ம்" என்றார். பிறகு, புதிய ஆளை நானே தேர்ந்தெடுக்கலாம் என்றும், ஜனவரியிலிருந்து எந்த எண் எந்த மருத்துவமனை என்ற விவரம் என்னிடமே இருக்கட்டும் என்றும் சொன்னார்.

கதவை நெருங்கியதும் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சென்னி அண்ணாவை நான் எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தேனோ, அப்படி.